செஸ் சொல்லித்தரும் கம்ப்யூட்டர்



செயற்கை நுண்ணறிவு என்றதும் எல்லாருக்கும் ரோபோதான் ஞாபகம் வரும். எனக்கு வருவது செஸ் போர்டு. (செஸ் எல்லாம் ஒரு விளையாட்டா என்று பி.டி. பீரியடில் கேலி பண்ணுபவர்கள், நாலு மணி நேரம் எழுந்திருக்காமல் யோசித்துப் பார்க்கவும்!)

1997-இல் ஐ.பி.எம்.மின் டீப் புளூ, உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அது கணக்குப் புலி. ஒரு நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்க்கும். 2017-இல் டீப்மைண்ட் நிறுவனம் செய்த ஆல்பாஸீரோ வேறு ரகம். அதற்கு விதிகளை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். புத்தகமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. தனக்குத் தானே கோடிக்கணக்கில் ஆட்டம் ஆடியே கற்றுக்கொண்டது. பிறகு ஸ்டாக்ஃபிஷ் என்ற பலமான புரோகிராமுடன் 100 ஆட்டம் ஆடியது. 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை! ஓரத்துச் சிப்பாயை மேலே மேலே தள்ளி எதிரி ராஜாவை நெருக்கும் அதன் பாணியை கார்ல்சன் போன்ற பெரிய ஆட்டக்காரர்களே பார்த்துப் படித்தார்கள்.

இன்று ஸ்டாக்ஃபிஷ் செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நம் ஆட்டத்தைப் போட்டால் எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று காட்டிவிடும். கோச்சுக்கு ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அது விடையைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது.

2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன நம் சென்னை குகேஷை, கோச் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருடங்களில் கம்ப்யூட்டர் உதவி இல்லாமல்தான் பழக்கினார். சொந்த மூளை முதலில் வளரட்டும் என்றுதான். எங்கள் செஸ் குழுவிலும் தப்பு எங்கே என்று முதலில் நோட்டில் எழுதுவோம், அப்புறம்தான் போன். சில பேருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

ஏன் என்று ஒரு கணக்கால் காட்டுகிறேன். 1921-இல் ரெட்டி என்பவர் அமைத்தது.

வெள்ளை: ராஜா எச்8, சிப்பாய் சி6.
கறுப்பு: ராஜா ஏ6, சிப்பாய் எச்5.
வெள்ளை முதலில் ஆடி டிரா செய்ய வேண்டும்.

பார்த்தால் முடியவே முடியாது போலிருக்கும். கறுப்புச் சிப்பாய் ஓடிவிடும், துரத்தினாலும் எட்டாது. எஞ்சினில் போட்டால் உடனே "0.00, ராஜா ஜி7" என்று வரும். அதை மட்டும் பார்த்தால் என்ன புரியும்? விஷயம் என்னவென்றால், ராஜா நேராகப் போனாலும் குறுக்காகப் போனாலும் அடுத்த வரிசைக்கு ஒரே மூவ்தான். குறுக்கே வரும்போது எதிரிச் சிப்பாயையும் நெருங்கும், தன் சிப்பாயையும் நெருங்கும்!

வெள்ளை ஜி7, கறுப்பு எச்4, வெள்ளை எஃப்6, கறுப்பு ராஜா பி6, வெள்ளை இ5. இனி கறுப்பு சிப்பாயை ஓட்டலாம், அல்லது சி6 சிப்பாயை வெட்டலாம். இரண்டுக்கும் வெள்ளையின் அடுத்த மூவ் என்ன? தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் 11 'அ' வகுப்பில் கொடுங்கள். போன் பார்க்கக் கூடாது!