கணினிக்கு கன்ட்ரோலர்: பிராங்பேர்ட் வீடுகளில் உலவும் சில நம்பிக்கைகள்

பிராங்பேர்ட்டில் தமிழர் வீடுகளில் பிளேஸ்டேஷன் இல்லாவிட்டாலும் நல்ல கணினி ஒன்று கட்டாயம் இருக்கும். படிப்புக்கென்று வாங்கியது. அதில் படிப்பைத் தவிர மற்றதெல்லாம் நடக்கிறது என்பது அப்பா அம்மாவுக்கும் தெரியும். ஆறு மாதம் போனதும் பிள்ளை கன்ட்ரோலர் கேட்கும். உடனே ஆலோசனைகள் குவியும். பெரியப்பா மகன் ஒன்று சொல்வான், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வேறொன்று சொல்வார், சைல் கடைத்தெருவில் விற்பனைக்கு நிற்கும் இளைஞர் மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

இத்தனைக்கும் இது விளையாட்டுத் தொழில் காலூன்றிய ஊர். நின்டெண்டோவின் ஐரோப்பியத் தலைமையகம் இங்கேதான். கோபுர்க் என்ற சிறு நகரில் தொடங்கிய கிரைடெக் 2006இல் இங்கே குடிவந்து, அடுத்த ஆண்டே ‘கிரைசிஸ்’ விளையாட்டைச் செய்து தந்தது. டெக்13, கீன் கேம்ஸ் ஆகியவையும் இந்த ஊர்க்காரர்களே. விளையாட்டைச் செய்கிற ஊரிலேயே விளையாடும் கருவியைப் பற்றிய கட்டுக்கதைகள் இவ்வளவு செழிப்பாக வளர்வது வேடிக்கைதான்.

“பிசிக்கு எக்ஸ்பாக்ஸ் மட்டும்தான் சரி”

“மாமா, பிளேஸ்டேஷன்ட வாங்கிப்போடாதேங்கோ, அது பிசியில பிடிக்காது.” மருமகன் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. பழைய நாளில் விண்டோஸ் விளையாட்டுகள் டைரக்ட்இன்புட் என்ற முறையை நம்பியிருந்தன. எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒவ்வொரு விளையாட்டிலும் நாமே உட்கார்ந்து அமைக்க வேண்டும். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற வழியைத் திறந்தது. எந்தப் பொத்தான் எது என்பது அதில் முன்கூட்டியே முடிவாகிவிட்டது, செருகினால் ஆடலாம். விளையாட்டு செய்பவர்களும் வேலை மிச்சம் என்று அதற்கு மட்டுமே எழுதத் தொடங்கினார்கள். மற்றக் கருவிகள் தெருவில் நின்றன.

அந்த நிலையை மாற்றியது, கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம். 2016 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலருக்கும், 2018 மே மாதம் நின்டெண்டோ சுவிட்ச் புரோவுக்கும், 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5இன் டூவல்சென்ஸுக்கும் அது கதவைத் திறந்தது. நடுவில் நின்று, “இது எக்ஸ்பாக்ஸ்தான்” என்று விளையாட்டிடம் சொல்லிவிடும், விளையாட்டும் நம்பிவிடும். ஆகவே பிள்ளையின் விளையாட்டுகள் ஸ்டீமில் இருந்தால் கைக்குப் பிடித்ததை வாங்கலாம். திரையில் சதுரம், முக்கோணம் வராமல் ஏ, பி என்று எழுத்துகள் வரக்கூடும். இரண்டு நாளில் பழகிவிடும்.

ஆனால் கேம் பாஸ் சந்தா கட்டி, மைக்ரோசாஃப்ட் கடையிலிருந்து இறக்கும் விளையாட்டுகளில் ஸ்டீம் அவ்வளவு எளிதாகத் தலையிட முடியாது. அங்கே எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்தான் தலைவலி இல்லாத வழி. டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அதையும் ஸ்டீமின் உதவியையும் ஒரே நேரத்தில் இயக்கிவிட்டால், ஒரே கருவியை விளையாட்டு இரண்டாகப் பார்க்கும். மெனுவில் கீழ்ப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு வரி தாண்டும். “கன்ட்ரோலர் பழுது” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்றை நிறுத்தினால் போதும்.

டூவல்சென்ஸின் விரலைத் தள்ளும் ட்ரிகரும் நுணுக்கமான அதிர்வும் கணினியிலும் கிடைக்கும். அதை ஆதரிக்கும் விளையாட்டாக இருக்க வேண்டும், பெரும்பாலும் கேபிளும் மாட்டியிருக்க வேண்டும். அதற்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர் முதலில் தன் விளையாட்டுப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

“ஸ்டிக் தானாக நகர்ந்தால், பிள்ளை முரட்டுத்தனமாக ஆடியிருக்கிறான்”

எல்லா நம்பிக்கைகளிலும் அநியாயமானது இதுதான். கையை எடுத்த பிறகும் திரையில் ஆள் மெதுவாக ஒரு பக்கம் நடந்துகொண்டே இருப்பான். டிரிஃப்ட் என்பார்கள். வீட்டில் திட்டு விழுவது பிள்ளைக்கு.

ஸ்டிக்கின் அடியில் இருப்பது பொட்டன்சியோமீட்டர். கரி பூசிய பாதை ஒன்றின் மேல் சிறு உலோக முனை தேய்ந்து தேய்ந்து நகர்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து ஸ்டிக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகுக்குள் இருந்ததும் இதே பொருள்தான். சில வருடம் போனதும் அது கரகரக்கத் தொடங்கியது நினைவிருக்கும். கரி தேய்ந்து, அந்தப் பொடியும் உள்ளேயே கிடந்தால், நடு இடம் எது என்பது கருவிக்கே குழம்பிவிடும். மென்மையாக ஆடினாலும் தேய்மானம் நடக்கும், சற்றுத் தாமதமாக.

இந்த ஊரோடு தொடர்புள்ள பெரிய விவகாரமே இதற்குச் சாட்சி. நின்டெண்டோ சுவிட்சின் ஜாய்கான் கன்ட்ரோலர்கள் இப்படி நகர்வதாக ஐரோப்பா முழுவதிலிருந்தும் புகார்கள் குவிந்தன. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக் ஏறக்குறைய 25,000 புகார்களைத் திரட்டி, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. ஐரோப்பா முழுவதும் 25,000 முரட்டுப் பிள்ளைகள் ஒரே கருவியை ஒரே மாதிரி உடைத்தார்கள் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. 2023இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து வாடிக்கையாளர்களுக்கு, உத்தரவாதக் காலம் முடிந்த ஜாய்கான்களுக்கும் இந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. ஜாய்கானைப் புளூடூத் வழியாகக் கணினியில் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அலமாரியில் அப்படி ஒன்று நகர்ந்துகொண்டு கிடந்தால், எறிவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம்.

மற்ற கம்பெனிகள் இதில் தப்பியவை என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்பாக்ஸ், டூவல்சென்ஸ் இரண்டின் சாதாரண மாதிரிகளிலும் இதே கரிப் பாதைதான். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2இன் ஜாய்கானிலும் அதுவே.

“ஹால் எஃபெக்ட் வாங்கினால் ஆயுளுக்கும் கவலையில்லை”

பாதி உண்மை. காந்தமும் உணரியும் ஒன்றையொன்று தொடாமல் வேலை செய்யும் முறை இது. தேய்வதற்குக் கரி இல்லை. புதுக் கண்டுபிடிப்பும் அல்ல: 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்டின் ஸ்டிக்கிலேயே இருந்தது. இப்போது எய்ட்பிட்டு, கேம்சர் போன்ற கம்பெனிகள் 30 முதல் 50 யூரோவுக்குள்ளேயே இதைத் தருகின்றன. ஆனால் ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். ஸ்பிரிங் தளரும். நடு இடத்தை மறுபடி அளந்து பதிய வேண்டியும் வரும். டிஎம்ஆர் என்று எழுதியிருந்தால் அதுவும் காந்த முறைதான், பேட்டரி குறைவாகத் தின்னும்.

“வயர்லெஸ் என்றால் தாமதம்”

60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை காட்டுகிறது. கூடவே டாங்கிள் (கணினியில் செருகும் சிறு யூஎஸ்பி ஏற்பி) தரும் நல்ல வயர்லெஸ் கருவிக்கும் கேபிளுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு படத்துக்குள் அடங்கிவிடும். புளூடூத் சற்றுக் கூடுதலாக இழுக்கும். பெட்டியில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் 1000 ஹெர்ட்ஸ், கருவி நொடிக்கு எத்தனை தடவை செய்தி அனுப்புகிறது என்பதைத்தான் சொல்கிறது. 125 தடவை அனுப்பும் கருவிக்கும் அதற்கும் இடைவெளி அதிகபட்சம் 7 மில்லிநொடி. போட்டிகளில் ஆடுபவருக்கு அது கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஈஏ எஃப்சி கால்பந்து விளையாட்டில் ஊர் அணியான ஐன்ட்ராக்ட்டை வைத்து அண்ணனைத் தோற்கடிக்க நினைப்பவருக்கு அல்ல. கணினியை ஹாலில் உள்ள டிவியில் இணைத்திருந்தால், டிவியின் கேம் மோடு அணைந்திருப்பதால் வரும் தாமதம் இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதை முதலில் போடுங்கள்.

வயர்லெஸ்ஸில் உண்மையான எதிரி வேறு. புளூடூத்தும் பெரும்பாலான டாங்கிள்களும் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், பக்கத்து வீட்டு வைஃபைகள் பலவும் அங்கேதான். போர்ன்ஹைம், நோர்ட்என்ட் மாதிரி நெருக்கமான பகுதிகளில் அடுக்குமாடி வீட்டில் வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தால் புரியும். யூஎஸ்பி 3 செருகியும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புவதுண்டு. கணினியின் பின்புறம், மேசைக்கு அடியில், ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகிவிட்டு “சிக்னல் விட்டுவிட்டு வருகிறது” என்றால் வராமல் என்ன செய்யும்? சில யூரோவுக்கு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னொன்று: எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ஹெட்போன் துளை, புளூடூத்தில் இணைத்தால் கணினியில் பேசாது. கேபிளோ, அதற்கென்ற தனி வயர்லெஸ் அடாப்டரோ வேண்டும்.

“விலை கூடியது நல்லது”

150 யூரோவுக்கு மேல் விற்கும் எக்ஸ்பாக்ஸ் எலீட் 2இன் உள்ளேயும் அதே கரி ஸ்டிக்தான். கூடுதல் பணம் பின்பக்கத் துடுப்புகளுக்கும் ரப்பர் பிடிக்கும் போகிறது. சோனியின் டூவல்சென்ஸ் எட்ஜிலாவது ஸ்டிக்கைத் தனியாகக் கழற்றிப் புதிதை மாட்டலாம்.

விலையைவிட என்ன ஆடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். கார் ஓட்டும் விளையாட்டுக்கு, அழுத்த அழுத்தக் கூடும் ட்ரிகர் வேண்டும். நின்டெண்டோ சுவிட்ச் புரோவின் ட்ரிகர் வெறும் பொத்தான். ஆக்ஸிலரேட்டர் முழுதாக இருக்கும், இல்லையேல் இருக்காது. பிராங்பேர்ட்டையே வரைபடத்தில் வைத்திருக்கும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2இல் சரக்கேற்றி வளைவுகளில் திரும்பிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். டெக்13இன் ‘தி சர்ஜ்’ போல எதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து அடிக்கும் விளையாட்டு கன்ட்ரோலருக்கென்றே பிறந்தது. கிரைடெக்கின் ‘ஹன்ட்: ஷோடவுன்’ மாதிரி குறிபார்த்துச் சுடுவதைக் கணினியில் ஆடுகிறவனுக்கு எந்தக் கன்ட்ரோலரும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல மவுஸ் வாங்கிக் கொடுங்கள்.

“எந்தக் கடையிலும் 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாம்”

ஜெர்மனியில் இது இணையத்தில் வாங்கியதற்கான சட்ட உரிமை. கடைக்கு நடந்து போய் வாங்கிய நல்ல பொருளைத் திருப்பி எடுப்பது கடைக்காரரின் பெருந்தன்மை மட்டுமே. பல பெரிய கடைகள் எடுக்கின்றன. கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

மாறாக, நம்மவர்கள் தெரியாமல் கைவிடும் உரிமை ஒன்று இருக்கிறது. பொருள் பழுதென்றால் இரண்டு ஆண்டுக்குப் பொறுப்பு விற்ற கடைக்கு. கம்பெனி எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் அதற்கு மேலே, தனியாக. “கம்பெனிக்கு அனுப்புங்கள், எங்களுக்கு அதில் வேலையில்லை” என்று கடை கையை விரிக்க முடியாது. 2022 ஜனவரி முதல் வாங்கிய பொருட்களுக்கு, முதல் 12 மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால் அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர். ஒன்பதாம் மாதத்தில் ஸ்டிக் நகரத் தொடங்கினால் பில்லோடு போங்கள். பேச்சு முற்றினால், பிராங்பேர்ட்டிலேயே இருக்கும் ஹெஸன் மாநில நுகர்வோர் மையம் ஆலோசனை சொல்லும்.

ஊருக்குப் போய்வரும்போது கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ சென்னை ரிச்சி தெருவிலோ மலிவாக வாங்கி வந்ததற்கு இந்த உரிமை எதுவும் இங்கே செல்லாது. மிச்சம் பிடித்த பத்து யூரோ அதற்கு ஈடாகுமா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

“பழையது வாங்கினால் பணம் பாழ்”

பார்த்து வாங்கினால் பாழில்லை. பழைய பொருள் விற்கும் விளம்பரத் தளமான கிளைன்அன்சைகனில் வரும் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் புளூடூத் உண்டா என்பதைப் படத்திலேயே சொல்லிவிடலாம். நடுவில் உள்ள எக்ஸ் வடிவப் பொத்தானைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், மேலே உள்ள பம்பர் பொத்தான்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் அது 2016க்கு முந்திய வகை, புளூடூத் இல்லை. முகப்பின் பிளாஸ்டிக்கே இடைவெளியில்லாமல் பொத்தானைச் சுற்றி வந்தால் உண்டு.

நேரில் போகும்போது மடிக்கணினியைக் கொண்டுபோங்கள். விண்டோஸ் ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் சோதனைப் பலகை திறக்கும். ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுதாகத் தள்ளிச் சட்டென்று விடுங்கள். குறி நடுவுக்குத் திரும்ப வேண்டும், திரும்பிய இடத்தில் நிற்கவும் வேண்டும். நான்கு பக்கமும் பாருங்கள். விற்பவர் தனி ஆள் என்றால் விளம்பரத்தில் ஒரு வரி எழுதி இரண்டு ஆண்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியும். ஆகவே பார்ப்பதெல்லாம் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

எக்ஸ்பாக்ஸில் இரண்டு ஏஏ பேட்டரி போடுவதைப் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று சிரிப்பவர்கள் உண்டு. ரீசார்ஜ் செய்யும் ஏஏ இரண்டு ஜோடி வாங்கிவிட்டால், பேட்டரி கிழடானாலும் கருவி கிழடாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் சந்தைக்கு வரும் பெரும்பாலான சிறு கருவிகளில் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். அதுவரை, உள்ளே பேட்டரி பூட்டிய பழைய டூவல்சென்ஸ் வாங்குகிறவர், ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கேட்டுவிட்டு விலை பேசட்டும்.