அந்தப் பையனை என்னவென்று அழைப்பது?

அன்புள்ள மருமகனுக்கு,

மரக்காணத்து உப்பளங்களைப் பற்றி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கீழ்புத்துப்பட்டு முகாமிலிருந்து வந்து உன்னோடு படிக்கும் நண்பனை அதில் ‘அகதிப் பையன்’ என்று எழுதியிருக்கிறாய். வகுப்பில் வழங்கும் பேச்சாக இருக்கலாம். ஆனால் அது எடை கூடிய சொல்.

கதி என்றால் புகலிடம். அது இல்லாதவர் அகதி. உலகச் சட்டம் இதற்குத் திட்டமான பொருள் தந்திருக்கிறது. இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்து இவற்றில் ஏதேனும் ஒன்றுக்காகக் கொடுமைக்கு ஆளாவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி என்கிறது 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. ஆபத்து இருக்கும் இடத்துக்கே அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. உரிமை கேட்க உதவும் சொல்லை நாம் வசையாக்கிவிட்டோம்.

இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்கள் ஊர் வாயில் அகதிகள்; சட்டத்தின் ஏட்டில் வெறும் வெளிநாட்டவர். 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. நல்ல மனத்தோடு செய்த காரியம், வரவேற்கிறேன். ஆனால் பெயர்ப்பலகை குடியுரிமை தராது. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குக் குடியுரிமை கிடைக்க, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் விதி இன்னும் இறுகியது. உன் நண்பன் இந்த மண்ணில் பிறந்தும் இந்தியன் ஆகாதது அதனால்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

‘தாயகம் திரும்பியோர்’ என்று இன்னொரு சொல் உண்டு. 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்களையும் ‘திரும்பியோர்’ என்றார்கள். அவர்களை வெளியேற்றிய கை அந்தச் சொல்லில் தெரியவே தெரியாது. இருந்தும் அவர்களுக்கு இந்தியக் குடியுரிமையும் ஓட்டும் கிடைத்தன. அதே மலையகக் குடும்பங்களில் 1977 கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு ஓடி, பிறகு போரில் கடல் கடந்தவர்களும் உண்டு. அவர்கள் முகாமில் இருக்கிறார்கள். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் வாக்காளர், ஒருவர் வெளிநாட்டவர். வந்த வழியும் வந்த ஆண்டும் வேறு, அவ்வளவுதான்.

ஆகவே கட்டுரையிலோ மனுவிலோ எழுதும்போது ‘அகதி’ என்றே எழுது, கூச்சப்படாதே. ‘ஏதிலி’ என்று எழுதுவோரும் உண்டு, அதுவும் சரியே. வகுப்பில் மட்டும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இருவரும் சேர்ந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கப்போவதாக எழுதியிருந்தாய். விண்ணப்பத்தில் குடியுரிமையைக் கேட்பார்கள். அது அவனுக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம் சொல்லத்தான் தயங்கியிருப்பான்.

அன்புடன்,
மாமா