லிமிட் பாடம் எடுக்கப்போகும் இளைய ஆசிரியர்களுக்கு

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் எல்லைகளும் தொடர்ச்சித் தன்மையும் வருகின்றன. அதுவரை நன்றாகக் கணக்குப் போட்டுவந்த பிள்ளைகள்கூட அந்த இடத்தில் தடுமாறுவார்கள். விடை வந்துவிடும், என்ன செய்தோம் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். அந்தக் குழப்பத்தோடேயே வகைக்கெழு, தொகையீடு என்று போய், கல்லூரியில் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைப்பவர்கள் ஏராளம். நாகைப் பக்கம் அக்கரைப்பேட்டை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கீழ்வேளூர் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடத்தை எடுத்து ஓய்வுபெற்றவன் நான். இந்த ஆண்டு முதன்முதலாக இதை எடுக்கப்போகும் தம்பி, தங்கைகளுக்கு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

1. முதல் நாள் சூத்திரம் எழுதாதீர்கள். ஒரு தேங்காயை விழவிடுங்கள்.

கஜா புயலுக்குத் தப்பி நிற்கும் உயரமான தென்னை ஒன்றிலிருந்து தேங்காய் விழுகிறது. t நொடியில் அது ஏறக்குறைய 5t² மீட்டர் விழுந்திருக்கும். சரியாக ஒரு நொடி ஆனபோது அதன் வேகம் என்ன? பிள்ளைகள் தூரத்தை நேரத்தால் வகுப்பார்கள். எந்தத் தூரம், எந்த நேரம் என்று கேளுங்கள். 1 நொடியிலிருந்து 1.1 நொடி வரை 1.05 மீட்டர், வேகம் 10.5. 1.01 வரை எடுத்தால் 10.05. 1.001 வரை எடுத்தால் 10.005. இந்தப் பக்கம் வந்து 0.9 நொடியிலிருந்து பார்த்தால் 9.5, 0.99-லிருந்து 9.95. இவற்றைப் பிள்ளைகளே போடட்டும், நீங்கள் போடாதீர்கள்.

யாராவது ஒரு பிள்ளை “பத்து சார்” என்று சொல்லும். உடனே “சபாஷ்” என்று முடித்துவிட வேண்டாம். “எந்த வரியிலும் பத்து இல்லையே, எங்கிருந்து வந்தது?” என்று கேளுங்கள். சரியாக ஒரு நொடியை வைத்தால் தூரமும் சுழி, நேரமும் சுழி. வகுக்கவே முடியாத இடத்துக்கு அக்கம்பக்கத்து எண்கள் எல்லாம் சேர்ந்து ஒரே விடையைக் காட்டுகின்றன. பாடம் முழுவதும் இதுதான். அந்த வியப்பைப் பிள்ளைகள் சற்று நேரம் அனுபவிக்கட்டும்.

2. அடித்துவிட்டுப் போவதற்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

(x² − 4)/(x − 2), x இரண்டை நெருங்கும்போது. பிள்ளைகள் மேலும் கீழும் (x − 2)-ஐ அடித்து, x + 2 என்று எழுதி, 4 என்று முடிப்பார்கள். சரிதான். ஆனால் சுழியால் வகுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் நாம்தானே? x இங்கே இரண்டை நெருங்குகிறதே தவிர இரண்டாக ஆவதில்லை, x − 2 எவ்வளவு சிறிதானாலும் சுழி இல்லை, அதனால் அடிக்கலாம். இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் நோட்டில் எழுதாமல் அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள்.

அப்புறம் இன்னொரு கேள்வி. இதே சார்புக்கு x = 2-ல் மட்டும் மதிப்பு 100 என்று வைத்துவிட்டேன். இப்போது எல்லை என்ன? வகுப்பில் பாதிப் பேர் 100 என்பார்கள். எல்லை 4-தான். அந்தப் புள்ளியில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றி எல்லைக்குக் கவலையே கிடையாது. இது பிடிபட்ட பிள்ளைக்குத் தொடர்ச்சித் தன்மை பாதி புரிந்த மாதிரி.

3. ஈ.பி. பில்லைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லைக்குப் புத்தகங்களில் |x|/x வரும். இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேசப்படும் சார்பு ஒன்று இருக்கிறது. “ஐந்நூறைத் தாண்டிடாம பாத்துக்க” என்று அம்மாக்கள் சொல்வது எதனால்?

2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 225 + 900 + 600, அதாவது 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும்; 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50. தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். மீட்டர் முழு யூனிட்டாகத்தான் கணக்கெடுக்கும் என்றாலும், வகுப்பில் பின்னத்தையும் அனுமதியுங்கள். 499.9-க்கு 1,724.40. 499.99-க்கு 1,724.94. அந்தப் பக்கம் 500.1-க்கு 1,950.80. 500.01-க்கு 1,950.08. இடமிருந்து போனால் 1,725. வலமிருந்து வந்தால் 1,950. நடுவில் 225 ரூபாய்ப் பள்ளம். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததால் 500-ல் எல்லை இல்லை. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 என்று பில் வருகிறதே என்று ஒரு பிள்ளை கேட்கும். மதிப்பு இருக்கிறது, எல்லை இல்லை. இரண்டாவது அறிவுரையில் சொன்னதையே இங்கே வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

இதோடு நிறுத்தாதீர்கள். 400-ல் என்ன நடக்கிறது? அங்கேயும் விகிதம் 4.50-லிருந்து 6-க்கு மாறுகிறது. ஆனால் இரண்டு பக்கத்திலிருந்து வந்தாலும் பில் 1,125-தான். வரைபடம் முறிந்து திரும்புகிறது, அறுபடவில்லை. தொடர்ச்சி உண்டு, அடுத்த அத்தியாயத்தில் வரும் வகைக்கெழு மட்டும் அங்கே கிடையாது. ஒரே பில்லில் இரண்டு அத்தியாயம். விகிதங்கள் அவ்வப்போது ஏறுகின்றன. பாடம் எடுக்கும் ஆண்டின் அட்டவணையை வைத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

4. போனில் கணக்குப் போடும் பிள்ளையை ரேடியனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

sin x / x, x சுழியை நெருங்கும்போது 1. வீட்டில் போனை எடுத்து x = 0.1 போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு 0.9983 வர வேண்டும். பலருக்கு 0.01745 வரும். புத்தகம் தப்பு என்றே முடிவுகட்டிவிடுவார்கள். போன் டிகிரியில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த 0.01745 என்ன என்று தேடச் சொல்லுங்கள்: அது π/180. நுண்கணிதத்துக்கு ரேடியன் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

5. அட்டவணையையும் முழுசாக நம்பவிடாதீர்கள்.

எண்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னது நான்தான். அதனாலேயே இதையும் சொல்ல வேண்டும். sin(π/x)-ஐ எடுங்கள். x-க்கு 0.1, 0.01, 0.001 என்று போட்டால் வரிசையாகச் சுழி. எல்லை சுழி என்று எழுதத் தோன்றும். இப்போது 0.4, 0.08, 0.016, 0.0032 போடுங்கள். வரிசையாக 1, 1, 1, 1. சுழியை எவ்வளவு நெருங்கினாலும் அது ஆடிக்கொண்டே இருக்கிறது, எல்லை இல்லை. நாம் தேர்ந்தெடுத்த எண்கள் நமக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டன. நிரூபணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கே பதில். நான் இதைக் கட்டாயம் ஒரு பீரியடாவது எடுப்பேன். தேர்வில் வராது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

6. எப்சிலான் – டெல்டாவைப் பேரமாக நடத்துங்கள்.

பாடத்தில் இந்த வரையறை வலுவாக வராது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பெயரைச் சொல்ல வேண்டாம், பேரத்தை மட்டும் நடத்துங்கள். 3x + 1, x இரண்டை நெருங்கும்போது 7. ஒரு பிள்ளை எழுந்து கேட்கட்டும்: “விடை ஏழுக்கு 0.3-க்குள் வேண்டும்.” மற்றொரு பிள்ளை: “x-ஐ இரண்டுக்கு 0.1-க்குள் வைத்துக்கொள்.” முதல் பிள்ளை 0.03 கேட்டால் இரண்டாவது 0.01 தரும். கேட்பவர் எவ்வளவு சிறிதாகக் கேட்டாலும் தருபவரிடம் பதில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் 7 எல்லை.

எவ்வளவு சிறிதாகக் கேட்கலாம்? இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. இன்றும் இங்கே நிலத்தை மாவிலும் வேலியிலும் பேசுகிறோம். இருபது மா ஒரு வேலி. பழந்தமிழ்க் கணக்கில் மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியை மறுபடி 320 ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி, 1/102400. அதற்கும் கீழே போனார்கள். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவு வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்கு வரை இறங்கியிருப்பதைக் கல்வெட்டு அறிஞர்கள் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம். 320-ஐ நான்கு முறை பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் சரியாக இந்த எண் வரும். பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். இன்றைய வேலியில் அது ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய நிலத்தில் யாரும் நாற்று நடப்போவதில்லை. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிக்கொண்டே போகும் கணக்கு அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இப்போது பேரத்துக்கு வாருங்கள். “விடை ஏழுக்கு ஒரு முந்திரிக்குள் வேண்டும்.” x இரண்டுக்கு 1/960-க்குள். “கீழ்முந்திரிக்குள்?” 1/307200. “கல்வெட்டு அளவுக்குள்?” 1/157,286,400,000. ஒவ்வொரு முறையும் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் போதும். கல்வெட்டு ஓர் இடத்தில் நின்றுவிட்டது, பேரம் நிற்காது. நம் முன்னோர்கள் எல்லைக் கருத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மட்டும் இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையல்ல, பிள்ளைகளிடம் உண்மையல்லாததைச் சொல்லக் கூடாது.

7. “நெருங்கும், ஆனால் தொடாது” என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எப்போதும் 5 என்றிருக்கும் மாறிலிச் சார்பு தன் எல்லையை எல்லா இடத்திலும் தொடுகிறது. x sin(1/x) சுழியை நெருங்கும்போது தன் எல்லையை எண்ணற்ற முறை தொட்டுத் தொட்டுப் போகிறது. தொடலாம், தொடாமலும் இருக்கலாம்.

8. மெதுவாகப் புரியும் பிள்ளைக்கு வரலாற்றைச் சொல்லுங்கள்.

நியூட்டனின் பிரின்சிப்பியா வந்தது 1687-இல். நுண்கணிதம் கொண்டு கோள்களின் பாதையையே கணக்கிட்டார்கள். ஆனால் அதில் வகுக்கும் அந்தச் சிறிய அளவுகள் சுழியா, சுழி இல்லையா என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை. 1734-இல் பெர்க்லி என்ற பாதிரியார் அதைத்தான் கடுமையாகக் கேட்டார். எல்லையை அடித்தளமாக வைத்துப் பாடத்தை ஒழுங்குபடுத்திய கோஷியின் நூல் வந்தது 1821-இல். இன்றைய வடிவம் வையர்ஸ்ட்ராஸ் காலத்தில்தான் கிடைத்தது. பெரிய மூளைகளுக்கு நூற்றைம்பது ஆண்டு ஆனதை நம் பிள்ளைகளிடம் நாற்பத்தைந்து நிமிடத்தில் எதிர்பார்க்கிறோம்.

இந்தியப் பக்கமும் சொல்லுங்கள். கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டு மாதவர் வழிவந்தவர்கள் 1 − 1/3 + 1/5 − 1/7 என்று போகும் தொடர் π/4-க்குப் போய்ச் சேர்வதை அறிந்திருந்தார்கள். 1530 வாக்கில் எழுதப்பட்ட யுக்திபாஷாவில் அதற்கு விளக்கமே இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே கும்பகோணம். டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி போட்டார்: ஒரு வர்க்கமூலத்துக்குள் 1-உடன் 2 மடங்கு வர்க்கமூலம், அதற்குள் 1-உடன் 3 மடங்கு வர்க்கமூலம், அதற்குள் 4 மடங்கு என்று முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? முதலில் √(1+2), அதாவது 1.732. அடுத்து √(1+2√(1+3)), அது 2.236. அப்புறம் 2.560. அப்புறம் 2.755. விடை 3. பிளஸ் ஒன் பிள்ளை கையாலேயே போடக்கூடியது. ராமானுஜன் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கு அவருடைய கணக்கு ஒன்றும் தெரியட்டும்.

9. லோபிதால் விதியை டியூஷனில் கற்றுவரும் பிள்ளையைத் திட்டாதீர்கள். sin x / x-க்கு அதைப் போட்டால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: sin x-இன் வகைக்கெழு cos x என்று எப்படித் தெரியும்? அதை நிரூபிக்க இதே எல்லைதான் வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை அங்கேயே நிற்கும், யோசிக்கும்.

10. விடைத்தாளில் எண்ணோடு ஒரு வாக்கியமும் எழுதவையுங்கள். “x இரண்டை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினாலும் மதிப்பு நான்கை நெருங்குகிறது” என்று தன் சொந்தத் தமிழில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் வந்துவிட்டது. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இது தடையே இல்லை. அவர்கள் வீட்டில் கணக்குப் பேசும் மொழி இதுதான்.

சிலபஸ் முடியவில்லை, ரிவிஷன் தேர்வு வருகிறது என்று தலைமையாசிரியர் நெருக்குவார். தெரியும். இருந்தாலும் இந்த அத்தியாயத்தின் முதல் மூன்று பீரியடை மட்டும் சூத்திரத்துக்குக் கொடுக்காமல் தேங்காய்க்கும் ஈ.பி. பில்லுக்கும் பேரத்துக்கும் கொடுங்கள். செலவான நேரத்தை வகைக்கெழுவில் திரும்பப் பெற்றுவிடலாம். உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.