முத்திரைக் கடையும் இருப்புப் புரள்வும்



ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். கட்டாரில் உழைத்துச் சேர்த்ததில் 3 இலட்சம் ரூபா கையில் இருக்கிறதாம். ஒருவர் பழைய தபால் முத்திரை அல்பங்களைக் காட்டி, "கட்டலொக் விலைப்படி 12 இலட்சம் பெறும், 3 இலட்சத்துக்குத் தருகிறேன்" என்கிறாராம். அதை வாங்கி இணையத்தில் கடை போட்டால் ஓடுமா என்பது அவருடைய கேள்வி. காத்தான்குடியில் புடவைக் கடையோடு சேர்த்து இணையத்தில் முத்திரையும் விற்று வருகிறேன். ஆகவே இந்த வாரம் அதையே எழுதுகிறேன். முத்திரை விற்காதவர்களும் வாசியுங்கள். கணக்கு எல்லாக் கடைக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்த 12 இலட்சத்தைப் பார்ப்போம். ஸ்டான்லி கிப்பன்ஸ் என்பது 1856இல் இங்கிலாந்தில் தொடங்கிய முத்திரை வியாபார நிறுவனம். அவர்களுடைய கட்டலொக்கில் உள்ள விலை, நல்ல நிலையிலுள்ள ஒரு முத்திரையை அவர்கள் விற்கும் விலை. உங்களிடமிருந்து அவர்கள் வாங்கும் விலை அதுவல்ல. மிக மலிவான முத்திரைக்கும் அதில் ஒரு விலை போட்டிருக்கும். அது முத்திரையின் பெறுமதி அல்ல. அதை எடுத்து, பார்த்து, உறையில் போட்டுத் தரும் வேலைக்கான கூலி. அப்படிப்பட்ட 5,000 முத்திரைகளைக் கூட்டிப் பெரிய தொகை காட்டுவது எவருக்கும் இலகு. ஒரு குண்டூசிக்கு ஒரு ரூபா என்று வைத்து, குண்டூசிப் பெட்டியை விலை பேசுவது மாதிரி.

அடுத்தது புரள்வு. ஒரு வருடத்தில் விற்ற சரக்கின் கொள்விலையை, கடையில் சராசரியாக இருக்கும் சரக்கின் கொள்விலையால் பிரித்தால் வருவது இருப்புப் புரள்வு. ஒரு பலசரக்குக் கடையில் 3 இலட்சம் ரூபா சரக்கு வருடத்தில் 12 தடவை புரள்கிறது என்று வைப்போம். ஒவ்வொரு தடவையும் 8 வீதம் ஆதாயம் வந்தால் 24,000 ரூபா. வருடத்துக்கு 288,000. முத்திரையில் அதே 3 இலட்சத்தில் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு இலட்சத்துக்கு வாங்கிய சரக்கு விற்றால், புரள்வு ஒன்றுகூட இல்லை. பலசரக்குக் கடைக்காரரின் அதே 288,000 ஆதாயம் வேண்டுமானால், ஒரு இலட்சத்துக்கு வாங்கியதை 388,000க்கு விற்க வேண்டும். கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதற்குள் தபால் செலவு, தளத்தின் கட்டணம், உறை எல்லாம் இருக்கின்றன. முத்திரைக்காரர் நாலு மடங்கு விலை வைக்கிறார் என்று கேட்டால் கொள்ளை மாதிரித் தெரியும். புரள்வைப் பார்த்தால் அது கொள்ளை அல்ல. ஆகவே இந்த வியாபாரத்தில் ஆதாயம் வாங்கும் இடத்திலேயே தீர்மானமாகிறது.

இணையக் கடையில் இன்னொரு முதலும் போகிறது, நேரம். ஒரு முத்திரையை ஸ்கேன் செய்து, பல் எண்ணி, நீர்க்குறி பார்த்து, குறிப்பு எழுதிப் பதிவேற்ற 6 நிமிடம் என்று கணக்கிடுங்கள். 2,000 முத்திரைக்கு 200 மணித்தியாலம். இஷாவுக்குப் பிறகு தினமும் 2 மணித்தியாலம் இருந்தாலும் 100 இரவுகள். பதிவேற்றியதில் மாதம் 100க்கு 5 விற்றால் 2,000இல் 100 விற்கும். 400 மட்டுமே போட்டிருந்தால் 20தான். கடை நிறைந்திருந்தால்தான் விற்பனை வரும் என்பது உண்மை. ஆனால் 30 ரூபா முத்திரைக்கும் 3,000 ரூபா முத்திரைக்கும் அதே 6 நிமிடம்தான். ஆகவே மலிவானதைத் தனியாகப் போடவே கூடாது. தொடராக, அல்லது பறவை, கப்பல், புகையிரதம் என்று பொருள் வாரியாகப் பக்கற் போட்டு விற்க வேண்டும். ஒரே முத்திரை 50 இருந்தால் ஒரு பதிவு போதும், 50 தடவை விற்கலாம். தபால் திணைக்களத்தின் முத்திரைப் பணியகத்தில் புதிய வெளியீடுகளை முகப்பு விலைக்கு எடுப்பவர்கள் இந்த வழியில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் அளவோடு எடுக்க வேண்டும். புது முத்திரையை எல்லோருமே சேர்த்து வைப்பதால் பிறகு விலை ஏறுவது அருமை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நூறு நாட்டு முத்திரை 2,000 இருப்பதும், இலங்கை முத்திரை மாத்திரம் 2,000 இருப்பதும் ஒன்றல்ல. வெளிநாட்டு வாடிக்கையாளர் பதிவுத் தபால் செலவை ஒரு தடவைதான் கொடுக்கிறார். ஒரு முத்திரைக்கு வந்தவர், தன் அல்பத்தின் மற்ற வெற்றிடங்களையும் உங்களிடமே நிரப்ப முடியுமானால் 12 முத்திரை எடுப்பார். அவருக்குத் தபால் செலவு பங்கிடப்படுகிறது, உங்களுக்குப் பொதி கட்டும் வேலை ஒன்றோடு முடிகிறது. இலங்கை முத்திரை நமக்கு இயல்பான துறை. 1857 ஏப்ரல் 1இல் வந்த 6 பென்ஸ் விக்டோரியா முத்திரையில் தொடங்கி, 1872இல் சதக் கணக்குக்கு மாறி, 1972வரை 'சிலோன்' என்ற பெயரிலும் பிறகு 'ஸ்ரீ லங்கா' என்றும் போகிறது. 1935இல் தொடங்கிய ஐந்தாம் ஜோர்ஜ் காட்சித் தொடரில் 11 முத்திரைகள். 2 சதத்தில் இறப்பர் பால் வெட்டுகிறார்கள், 1 ரூபாவில் திருகோணமலை. அந்த 11இல் 9 வைத்திருக்கிறவர் மீதி இரண்டைத் தேடுவார். அந்த இரண்டும் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மட்டக்களப்பாருக்கு ஒரு சிறு சலுகையும் உண்டு. விலையே இல்லாத சாதாரண முத்திரையிலும் தபாலகத்தின் பெயரும் திகதியும் தெளிவாக விழுந்திருந்தால், முத்திரைக் குத்து சேகரிப்போர் அதைத் தனி விலைக்கு எடுப்பார்கள். கொழும்பு, கண்டி நிறையக் கிடைக்கும். சிறிய ஊர்களின் குத்துகள் அப்படியல்ல. மட்டக்களப்பு, கல்முனை, ஏறாவூர் என்று வாசிக்கக் கூடியதை மலிவுப் பக்கற்றில் போட்டுவிடாதீர்கள்.

வாவிக் கரையில் சரக்குக்குப் பெரிய எதிரி ஈரம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பாவிக்காத முத்திரைகளின் பசை ஒன்றோடொன்று ஒட்டும், தாளில் துரு நிறப் புள்ளி விழும். புள்ளி விழுந்ததைப் பாதி விலைக்கும் கேட்க மாட்டார்கள். கிளாசின் உறை, இறுக மூடும் பெட்டி, சிலிக்கா ஜெல் பக்கற், மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பது, இவ்வளவும் கொள்விலையில் சேரும் செலவுகள்.

ஸகாத் கணக்கிலும் இந்தச் சரக்கு ஒரு சிக்கல் வைக்கிறது. வியாபாரச் சரக்கை அன்றைய விற்பனை விலைக்கு மதித்து 2.5 வீதம் என்பது தெரிந்ததே. நான் அந்த விலையாகக் கட்டலொக்கை எடுப்பதில்லை. இணைய ஏலங்களில் அதே முத்திரை உண்மையில் முடிந்த விலைகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்து அதைத்தான் எடுக்கிறேன். அரிதாக விற்கும் சரக்கைப் பற்றி உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே கொப்பி, வாங்கப் போகும்போதும் கையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு விற்பனையில் சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையான பொதிகளுக்கு இருந்த வற் விலக்கை நீக்கியது. அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. முத்திரைக்கு என்ன விதி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்டுவிட்டே விலை போடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 வரை போனபோது வெளியே விற்றவர்களுக்கு நன்மையாக இருந்தது, வெளியே அல்பம் வாங்கியவர்களுக்கு அதே அளவு இடி.

இனி ஏறாவூர் சகோதரருக்கு. 3 இலட்சத்தையும் ஒரே அல்பக் குவியலில் போடாதீர்கள். விற்பவரிடம் இலங்கைப் பகுதியை மாத்திரம் பிரித்துத் தரக் கேளுங்கள். அதை ஏல முடிவு விலையோடு ஒப்பிட்டு, அந்த விலையில் நாலில் ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். வாங்கியதும் நல்ல 30, 40 முத்திரைகளை முதலில் ஏலத்தில் விட்டு போட்ட காசை வெளியே எடுங்கள். மிச்சமிருப்பது ஆதாயச் சரக்கு, அதை ஆறுதலாகப் பதிவேற்றலாம். 2 வருடம் அசையாமல் கிடப்பதைக் கழற்றி, மொத்தப் பக்கற்றாகக் கட்டி வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தக் காசில் அடுத்த அல்பத்தைப் பாருங்கள். அவர் பிரித்துத் தரமாட்டேன் என்றால் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் வேறு அல்பம் வரும்.