பழைய த்ரீ நாட் த்ரீயின் குறியைக் கூர்மையாக்குவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், கனடியப் படைகள் தூக்கிச் சென்ற லீ-என்ஃபீல்டு நம்பர் 4 துப்பாக்கி, அந்த இரு நாடுகளின் சுடுதளங்களில் இன்றும் போட்டிக்கு வருகிறது. இதற்கு முந்தைய நம்பர் 1 மார்க் 3-ஐ நம்மூர் போலீஸ்காரர்களின் தோளில் பார்த்திருப்போம். இரண்டுக்கும் தோட்டா ஒன்றுதான்: த்ரீ நாட் த்ரீ.

நல்ல நிலையில் உள்ள ஒரு நம்பர் 4, 100 கஜத்தில் ஐந்து குண்டுகளை 3, 4 அங்குல வட்டத்துக்குள் போட்டாலே ராணுவத்துக்குப் போதுமாக இருந்தது. பொறுமையாகச் சீர்செய்தால் அதை 2 அங்குலத்துக்குக் கொண்டுவரலாம். பலர் எடுத்த எடுப்பிலேயே தொலைநோக்கி வாங்கிப் பொருத்துகிறார்கள். கோளாறு பெரும்பாலும் மரக்கட்டையில் இருப்பதால் அந்தச் செலவு வீணாகிறது. பழையதை ஒழுங்காக உட்காரவைத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் வராது. கீழே உள்ளவை உரிமத்தோடு இதை வைத்துக்கொள்ளக்கூடிய நாடுகளில் இருப்பவர்களுக்கு. எந்த வேலைக்கும் முன் அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள்.

1. முதலில் பாதுகாப்பு

போல்ட்டில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட் என்றால் பூட்டும் காதுகள் இரண்டும் சமமாக அழுந்தாமல் போகலாம். அது குறியையும் கெடுக்கும், ஆபத்தையும் கூட்டும்.

அடுத்து ஹெட்ஸ்பேஸ். .303 தோட்டா அதன் விளிம்பில் நிற்கிறது. போல்ட் முகத்துக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, ராணுவ வரம்பான 0.074-ஐத் தாண்டவும் கூடாது. கூடியிருந்தால் போல்ட் தலையை மாற்றலாம். நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் தலை உண்டு. எண் ஏற ஏற நீளம் ஏறும். ஆனால் அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால், பொறித்த எண்ணை நம்பாமல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

2. குழலைப் படியுங்கள்

செம்புப் படிவு போகும்வரை குழலைச் சுத்தம்செய்து, வெளிச்சத்தில் உட்புரிகளைப் பாருங்கள். லேசான கருமை பரவாயில்லை. குழல்வாய் தேய்ந்திருந்தால்தான் சிக்கல். பல ஆண்டுகள் குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைச் சாய்வாக இழுத்தால், கயிறு வாய்ப்பக்க உலோகத்தை ஒருபுறமாக அரித்துவிடும்.

சோதிப்பது எளிது. மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவின் மூக்கைக் குழல்வாயில் செருகுங்கள். குண்டின் ஒரு பகுதி வெளியே தெரியும்படி நின்றால் நல்லது. தோட்டாக் கூட்டின் வாய் வந்து இடிக்கும் அளவுக்கு உள்ளே போனால் வாய் தேய்ந்திருக்கிறது. லேத்தில் வாயைப் புதிதாக வெட்டிச் சீராக்குவது அனுபவமுள்ள கைவினைஞரின் வேலை.

பிறகு சுடுதளத்தில் மணல்மூட்டை மேல் வைத்து, ஐந்து ஐந்தாக மூன்று குரூப்பிங் எடுங்கள். அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். இனி செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

3. கட்டையை உட்காரவையுங்கள்

முக்கால்வாசிப் பலன் இங்கேதான். முன்கட்டையைக் கழற்றும்போது ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். நேராகக் கீழ்நோக்கி எடுங்கள். நம்பர் 1 வகையில், முன்கட்டை மாட்டியிருக்கும்போது பின்கட்டையின் போல்ட்டைத் திருகினால் மரம் பிளந்துவிடும்.

ரிசீவர் உதைக்கும்போது அதைத் தாங்குபவை முன்கட்டையின் பின்பக்கம் உள்ள இரண்டு மர முகங்கள். ஆர்மரர்கள் இவற்றை 'டிராஸ்' என்பார்கள். உலோகத்தில் மெல்லியதாக மை பூசி, கட்டையை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். இரண்டு முகத்திலும் மை சமமாக ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஒட்டினால் துப்பாக்கி ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பக்கமாகத் திரும்பும். எண்ணெய் ஊறி மரம் மிருதுவாகிவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, கடினமான மரத்துண்டை ஒட்டிச் சரியளவுக்குச் செதுக்க வேண்டும். முன்கட்டையின் பின்நுனி பின்கட்டைச் சாக்கெட்டைத் தொடக்கூடாது. ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும்.

இப்போது கிங் ஸ்க்ரூ. ட்ரிகர் கார்டின் முன்பக்கத் திருகு இதுதான். அதைச் சுற்றி மரத்துக்குள் ஓர் இரும்பு வளையம் உண்டு. மரம் சுருங்கிவிட்டால் திருகு வளையத்தில் போய் முட்டி நிற்கும். இறுகிவிட்டது போலத் தோன்றினாலும் கட்டை தளர்வாகவே இருக்கும். திருகை இறுக்குமுன் கார்டுக்கும் வளையத்துக்கும் இடையே சிறு இடைவெளி தெரிய வேண்டும், இறுக்கும்போது மரம் நெருக்குண்டு அது மறைய வேண்டும். அப்படி இல்லையென்றால் வளையத்தை மிகச் சிறிதளவு அரம் போட்டுக் குறைக்க வேண்டும்.

கடைசியாகக் குழல். அறைக்குக் கீழே உள்ள தடித்த பகுதியிலும், குழல்வாய்க்கு அருகே கட்டையின் நுனியிலும் மட்டுமே அது மரத்தைத் தொட வேண்டும். நடுவில் எங்கும் உரசக்கூடாது, மேல்மூடி மரமும் அழுத்தக்கூடாது. நுனியில் கட்டை குழலை மேல்நோக்கித் தாங்கி நிற்க வேண்டும். ஸ்பிரிங் தராசை மாட்டிக் குழலை மேலே தூக்கினால், சுமார் 3 முதல் 5 பவுண்டு இழுவையில் அது மரத்தைவிட்டு எழ வேண்டும்; விட்டதும் நடுவில் வந்து உட்கார வேண்டும். குழலை முழுக்க மிதக்கவிடலாமே என்று தோன்றும். 1970-இல் வந்த எல்42ஏ1 ஸ்னைப்பர் துப்பாக்கி அப்படித்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்தது தடித்த குழல். நம்பர் 4-இன் மெல்லிய குழலுக்குத் தாங்கல் தேவை.

4. ட்ரிகர்

இதைக் கட்டைக்குப் பிறகு வைத்ததற்குக் காரணம் உண்டு. நம்பர் 4 மார்க் 1-இல் ட்ரிகர் தொங்குவது கார்டில். மரம் சுருங்கினாலும் உப்பினாலும் இழுவை மாறும். மார்க் 2-இல் அது ரிசீவரிலேயே தொங்குவதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு கட்ட இழுவையை அப்படியே விடுங்கள். சொரசொரப்பை மெருகேற்றலாம், கொக்கிகளின் கோணத்தில் கைவைக்கக்கூடாது. வேலை முடிந்ததும், தோட்டா இல்லாத துப்பாக்கியைக் காக் செய்து, பின்கட்டையைத் தரையில் தட்டிப் பாருங்கள். கொக்கி நழுவினால் கைவினைஞரிடம் போங்கள்.

5. பார்வை

முன்காட்டி ஆடாமல் இறுகியிருக்கட்டும். பார்க்கர் ஹேல் 5சி போன்ற பின்காட்டி, உயரத்தையும் காற்றுத் திருத்தத்தையும் கிளிக் கிளிக்காகத் தரும். தொலைநோக்கிதான் வேண்டுமென்றால் துளையிடாமல் மாட்டும் மவுண்ட்டைத் தேடுங்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாற்றியமைத்த அசல் ஸ்னைப்பர் ரகமான நம்பர் 4 (டி) கையில் கிடைத்தால் எதையும் துளைக்காதீர்கள். அதன் மதிப்பே போய்விடும்.

6. தோட்டா

.303 என்று பெயர் இருந்தாலும் குண்டின் விட்டம் .311 அங்குலம். .308 குண்டு இந்த உட்புரியைப் பிடிக்காது. முதலில் 174 கிரெய்ன் குண்டில் தொடங்குங்கள். ராணுவ மார்க் 7-இன் எடையும் அதுதான். தோட்டாவை மறுபடி நிரப்புகிறவர்கள் கூட்டின் கழுத்தை மட்டும் அளவுபடுத்துவது நல்லது. இதன் அறை தாராளமானது. முழுக்கூட்டையும் ஒவ்வொரு முறை அழுத்தினால் பித்தளை நீண்டு, அடிப்பகுதிக்கு மேலே விரிசல் விடும். பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, புல்த்ரூவில் துணிக்கீற்று கட்டித் துடைத்து எண்ணெய் பூசுங்கள். அதன் பிரைமர் விடும் உப்பு குழலைத் துருவாக்கிவிடும்.

எங்கே நிறுத்துவது?

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், பிறகு குரூப்பிங், பிறகு அடுத்தது. இரண்டை ஒன்றாகச் செய்தால் எது உதவியது என்று தெரியாது. குரூப்பிங் 2 அங்குலத்துக்கு வந்துவிட்டால் பழைய குழலின் எல்லையை நெருங்கிவிட்டீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் புதுக் குழலுக்குச் செலவிட வேண்டும். குழலை மாற்றினால் அது அசல் துப்பாக்கியாக நிற்காது. இந்த அளவோடு நிறுத்துகிறவர்கள், ஈரப்பதம் மாறும் ஒவ்வொரு பருவத்திலும் கிங் ஸ்க்ரூவையும் நுனித் தாங்கலையும் மறுபடி பார்த்துக்கொண்டால் போதும்.