குடம்புளி கேப்ஸ்யூல் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறேன். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். என் நாத்தனார் குடம்புளிச் சாறு அடங்கிய கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்தார். 'கொழுப்பு செல்கள் உருவாவதையே தடுக்கும், ஆய்வில் நிரூபணம்' என்று டப்பாவில் போட்டிருக்கிறது. காலங்காலமாக மீன் குழம்பில் போடுகிற புளிதானே, சாப்பிடலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். சாப்பிடத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். உங்கள் கல்லீரலின் நிலையை வைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

'கொழுப்பு செல் உருவாவதைத் தடுக்கும்' என்ற பேச்சு பெரும்பாலும் ஒரே வகைச் சோதனையிலிருந்து வருகிறது. சுண்டெலிக் கருவிலிருந்து கிடைத்த 3டி3-எல்1 என்ற செல்வகையை 1974இல் ஹோவர்ட் கிரீன் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். இன்சுலின், டெக்ஸாமெத்தசோன் கலந்த கலவையைக் கொடுத்தால், சில நாட்களில் இந்தச் செல்கள் உருண்டையாகி எண்ணெய்த் துளிகளைச் சேர்த்துக்கொள்ளும். சிவப்புச் சாயம் ஏற்றினால் துளிகள் பளிச்சென்று தெரியும். தாவரச் சாறு கலந்த தட்டில் சிவப்பு குறைந்தால் 'தடுத்தது' என்று எழுதுவார்கள். மஞ்சளின் குர்குமின், கிரீன் டீயின் கேட்டச்சின் எல்லாம் இதில் தேறியவை. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய இது அருமையான சோதனை. ஆனால் தட்டில் செல்மீது நேராக ஊற்றும் அடர்த்தி, விழுங்கிய பிறகு ரத்தத்தில் கிடைப்பதில்லை. குர்குமினைக் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

சரி, உடம்பிலும் அது வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் எனக்குக் கவலை கூடும். கொழுப்பு செல் நமக்கு எதிரி அல்ல. மிஞ்சிய கொழுப்பைப் பத்திரமாகப் பூட்டி வைக்கும் பத்தாயம் அது. அங்கே இடமில்லாவிட்டால் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்கும். பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாத சிலர் பார்க்க ஒல்லியாக இருப்பார்கள். அவர்களுக்குத்தான் கடுமையான சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் வருகின்றன. பியோகிளிட்டசோன் மாத்திரையோ நேர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கொழுப்பு செல் உருவாக்கத்தை முடுக்கும் பிபிஏஆர்-காமா என்ற புரதத்தைத் தூண்டிவிடுகிறது. எடை கொஞ்சம் ஏறும். ஆனால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், கல்லீரல் கொழுப்பும் குறையும். உங்களைப் போன்றவர்களுக்குக் கொழுப்பு செல்லை முடக்கும் மருந்து என்பதே தவறான இலக்கு என்று நான் நினைக்கிறேன்.

வளர்ந்தவர்களின் கொழுப்பு செல் எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை என்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செல்கள் அழிந்து, அதே அளவு புதிதாக வருகின்றன. எடை இறங்கும்போது செல்கள் சுருங்குகின்றன, அவ்வளவுதான்.

குடம்புளியின் முக்கிய அமிலம் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் என்பதை 1965இல் லூயிஸ், நீலகண்டன் இருவரும் கண்டறிந்து வெளியிட்டார்கள். மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியை அது தடுக்கிறது, உண்மை. அந்த நம்பிக்கையில் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். 1998இல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை. அதன்பின் பல நாடுகளில் இந்தக் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போனது.

மீன் குழம்புக்குப் போடும் இரண்டு மூன்று துண்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். தாராளமாகப் போடுங்கள். கேப்ஸ்யூலில் இருப்பது செறிவூட்டிய சாறு. கூடவே வேறு பொருள்களும் சேர்ந்திருக்கக்கூடும்.

மெட்ஃபார்மினை நிறுத்தாதீர்கள். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கணிசமாக இறங்கும். அதற்கு இரவுச் சோற்றைக் குறைப்பதும் தினமும் வேகமாக நடப்பதும் இந்த டப்பாவைவிட நம்பகமானவை. கேப்ஸ்யூலைச் சில நாள் சாப்பிட்டிருந்தால் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, வாந்தியும் களைப்பும் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு. உங்கள் நாத்தனாரும் இதைச் சாப்பிடுகிறார் என்றால் அவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.