தாரும் சீப்பும் வாத்துக் கூட்டமும்

ஏழாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் கூட்டப்பெயர் எழுதும் பகுதியில் 'கீஸ்' கேட்டிருந்தேன். வீட்டுக் காவலுக்கு வளர்க்கிறார்களே, அந்தக் கூஸ் வாத்துதான். பலவாக இருந்தால் கீஸ். ஒரு மாணவி 'ஃபிளாக்' என்று எழுதியிருந்தாள். என் விடைக்குறிப்பில் 'கேகிள்' மட்டுமே இருந்தது. சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் அருகில் வந்து, "டீச்சர், வாத்து பறந்தாலும் கேகிள்தானா?" என்று கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

அன்று மாலை அகராதியைப் புரட்டினேன். தரையிலோ நீரிலோ இருக்கும்போதுதான் கேகிள். அவை எழுப்பும் ஓசையை ஒட்டிப் பிறந்த சொல் அது. வானில் பறந்தால் ஸ்கெய்ன். நூல் சிட்டத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆங்கில 'வி' எழுத்து வடிவில் பறந்தால் வெட்ஜ், அதாவது ஆப்பு. ஃபிளாக் எல்லாப் பறவைக் கூட்டத்துக்கும் பொது, இதற்கும் சரி. தவறு என்னுடையது.

இப்படிப்பட்ட சொற்கள் பல, 1486இல் இங்கிலாந்தில் அச்சான செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் பட்டியலில் உள்ளன. வேட்டையாடும் மேட்டுக்குடியினருக்கான நூல் அது. பட்டியலில் பாதி கேலி; பெண்கள் கூட்டத்துக்கும் கேகிள் என்றே போட்டிருக்கிறார்கள். வகுப்பில் இதை நான் சொல்லவில்லை.

மறுநாள் வாழைப்பழத்தில் தொடங்கினேன். "மரத்தில் தொங்கும்போது என்ன?" "தார்!" "பிரித்து விற்றால்?" "சீப்பு!" பொருள் ஒன்றுதான், நிலை மாறியதும் பெயர் மாறுகிறது. வைக்கோலைக் கேட்டேன். கட்டு, போர் என்று அவர்களே அடுக்கினார்கள். அதன்பின் கேகிள், ஸ்கெய்ன் வேறுபாட்டை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகளின் படங்களைக் காட்டினேன். இமயமலையைக் கடந்து வருபவை என்றதும் வகுப்பு அமைதியானது. குளத்தில் மிதக்கும் படத்துக்கு ஒரு பெயர், பறக்கும் படத்துக்கு வேறு பெயர் என்று அவர்களே பிரித்துச் சொன்னார்கள். "ஏன் டீச்சர் சாய்வா வரிசை கட்டுது?" என்றான் ஒருவன். முன்னே பறக்கும் பறவையின் சிறகு நுனிக்குப் பின்னால் காற்று மேலெழும்புகிறது. அதில் சாய்ந்து வரும் பறவைக்கு உழைப்பு குறைகிறது என்றேன். அறிவியல் பாடவேளையில் பாதியைக் கடன் வாங்கியாயிற்று.

ஸ்கெய்னையும் வெட்ஜையும் நான் தேர்வில் கேட்பதில்லை. கூட்டத்தை ஒன்றாகக் கருதும்போது வினை ஒருமையில் வர வேண்டும் என்பதற்கே பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

மாணவியின் தாளை வாங்கி மதிப்பெண்ணைத் திருத்திக் கையொப்பமிட்டேன். விடைக்குறிப்பில் கேகிளுக்குப் பக்கத்தில் ஃபிளாக்கும் சேர்ந்துவிட்டது.